இடிதாங்கியாக்கப்பட்ட மக்கள்: இரு போர்களுக்கு இடைப்பட்ட ஜெர்மனியின் யூத வெறுப்பை வேர்வரை படிப்பது எப்படி?

இந்த வரலாற்றைப் படிக்கத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் 1933ஆம் ஆண்டில், ஹிட்லரின் மேடைப் பேச்சில் தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் ஒரு தனிமனிதனின் வெறி முழு நாட்டையும் மயக்கிவிட்டது என்ற எண்ணமே மனத்தில் தங்கும். அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையாட்டியவர்களின் காதில் அதே பழிகள் எத்தனை தலைமுறைகளாக ஒலித்துவந்தன என்பது கண்ணில் படாமலே போய்விடும். ஆகவே முதலில் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் யூதர்கள் மீது சுமத்தப்பட்ட பழியையும், அதை யார், எந்த ஆண்டில் சொன்னார்கள் என்பதையும் எழுதுங்கள். இரண்டாவதில் அந்தக் கேடு உண்மையில் எதனால், யாரால் நேர்ந்தது என்பதை எழுதுங்கள். மூன்றாவதில் அந்தப் பழியின் மறைவில் தப்பித்தவர் யார், ஆதாயம் அடைந்தவர் யார் என்பதை எழுதுங்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று நாம் சொல்வது இங்கே ஒரு ஆய்வுமுறையாகவே பயன்படும். இரண்டாவது பத்தியை நிரப்பாமல் மூன்றாவதற்குத் தாவக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். காரணம் அறியாமல் ஆதாயத்தைத் தேடினால், நாமும் சதிக்கதை எழுதுபவர்களாகிவிடுவோம்.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மக்கள்தொகையை எழுதி வையுங்கள். 1925ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜெர்மனியில் வாழ்ந்த யூதர்கள் சுமார் 5,64,000 பேர். ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களில் இது 1 சதவீதத்தை எட்டவில்லை. அவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பெர்லினில் வாழ்ந்தார்கள். அப்படியானால் நாட்டின் பல கிராமங்களில் யூதர் ஒருவரோடு நேரில் பழகியே அறியாதவர்கள்கூட யூதர்களைப் பற்றிய முடிவான கருத்தை வைத்திருந்தார்கள் என்றாகிறது. அந்தக் கருத்து அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதே நீங்கள் தேட வேண்டிய கேள்வி.

முறையைப் பழகிக்கொள்ள ஒரு பழைய நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். 1348-49ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய் ஐரோப்பாவை அழித்தபோது, யூதர்கள் கிணறுகளில் நஞ்சு கலந்ததால்தான் மக்கள் மடிகிறார்கள் என்ற வதந்தி பரவியது. ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1349 பிப்ரவரி 14 அன்று யூதர்கள் நூற்றுக்கணக்கில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த நாளில் நோய் அந்நகரை இன்னும் வந்தடையவே இல்லை. நோயால் யூதர்களும் மடிகிறார்கள், யூதர்களே இல்லாத இடங்களிலும் நோய் பரவுகிறது என்று திருத்தந்தை ஆறாம் கிளமெண்ட் 1348இலேயே எழுத்தில் அறிவித்திருந்தார். மூன்றாவது பத்திக்கு வாருங்கள்: படுகொலைக்குப் பின் யூதர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கடன்கள் தள்ளுபடியாயின, அடகுப் பொருள்கள் உரியவர்களிடம் திரும்பின, எஞ்சிய பணம் கைவினைஞர்களிடையே பங்கிடப்பட்டது. பழியை மறுக்கும் சான்று ஊரறியக் கிடைத்தும் பழி சாகவில்லை என்பதை இந்தப் பக்கத்தில் அடிக்கோடிட்டு வையுங்கள், ஏனெனில் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இதையே மீண்டும் எழுத நேரும்.

இடைக்காலத்தின் மற்றச் செய்திகளைச் சுருக்கமாகவே குறித்துக்கொண்டால் போதும். 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பேரவை யூதர்கள் தனித்துத் தெரியும் உடையை அணிய வேண்டும் என்றது. கைவினைஞர், வணிகர் குழுமங்கள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நிலம் வைத்திருக்கும் உரிமை பல இடங்களில் மறுக்கப்பட்டது. வட்டிக்குக் கடன் கொடுப்பதைக் கிறித்தவர்களுக்குத் திருச்சபை தடைசெய்திருந்ததால், அந்தத் தொழிலுக்குள் தள்ளப்பட்டவர்கள் பிறகு அதே தொழிலுக்காக வெறுக்கப்பட்டார்கள். 1543இல் மார்ட்டின் லூதர் யூதர்களின் வழிபாட்டுக் கூடங்களை எரிக்கச் சொல்லி எழுதியது, சீர்திருத்தத் திருச்சபையின் வழியாக இந்த வெறுப்பு தொடர்ந்ததற்கு ஒரு முக்கியமான சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு மாற்றம் நிகழ்ந்தது. 1812இல், ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யா யூதர்களுக்குக் குடியுரிமை வழங்கியது. 1871இல் ஒன்றுபட்ட பேரரசு முழுவதிலும் சட்டத்தின் முன் சமத்துவம் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில், 1873இல், பங்குச் சந்தை சரிந்து சேமிப்பை இழந்த நடுத்தரக் குடும்பங்கள் கொதித்துக்கொண்டிருந்தபோது, ஓட்டோ கிளாகாவ் என்ற பத்திரிகையாளர் அந்தக் காலத்தில் வீடுதோறும் படிக்கப்பட்ட ஒரு வார இதழில் 1874 முதல் பழியை யூதர்கள் மேல் போட்டுத் தொடராக எழுதினார். இரண்டாவது பத்தியில் நீங்கள் குறிக்க வேண்டியது இது: சரிவு வருவதற்கு முன்பே, 1873இன் தொடக்கத்தில், ரயில்வே உரிமங்களில் நடந்த ஊழலைப் பிரஷ்ய நாடாளுமன்றத்தில் அம்பலப்படுத்தியவர் எட்வார்ட் லாஸ்கர், அவர் ஒரு யூதர். ஊழலைச் சுட்டிக்காட்டியவரின் சமூகமே ஊழலுக்குப் பொறுப்பாக்கப்பட்டது.

1879இல் வில்ஹெல்ம் மார் தொடங்கிய சங்கத்தின் வழியாக யூத எதிர்ப்பைக் குறிக்கும் ‘ஆண்டிசெமிட்டிசம்’ என்ற சொல்லே அரசியல் வழக்குக்கு வந்தது. இந்தச் சொல் மாற்றத்தைச் சாதாரணமாகக் கடந்துவிடாதீர்கள். சமயத்தின் பெயரால் வெறுக்கப்பட்ட காலத்தில் ஞானஸ்நானம் என்ற வாசலாவது திறந்திருந்தது; இரத்தம், இனம் என்று பேசத் தொடங்கியபின் அந்த வாசலும் அடைபட்டது. அதே ஆண்டில் பெர்லின் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஹைன்ரிஹ் ஃபொன் டிரைட்ஷ்கே, யூதர்களே நமது துரதிர்ஷ்டம் என்று படித்தவர்கள் ஒரே குரலில் சொல்வதாக எழுதினார். உடன் பணியாற்றிய தியோடோர் மாம்சன் 1880இல் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார். மறுப்பு நூலகத்தில் தங்கிவிட்டது. அந்த ஒரு வரியோ, 1923இல் யூலியுஸ் ஸ்ட்ரைஹர் நியூரம்பர்க்கில் தொடங்கிய வெறுப்பு இதழின் முதல் பக்க அடியில் நிலையாக இடம்பிடித்தது.

ஆனால் இங்கிருந்து நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் வரை நேர்கோடு போட்டுவிடாதீர்கள். யூத எதிர்ப்புக் கட்சிகள் 1893 தேர்தலில் 16 இடங்களைப் பிடித்தாலும், அதன்பின் தேய்ந்து போயின. ரஷ்யாவில் கிஷினெவ் நகர யூதர் படுகொலை நடந்த 1903இல், பிரான்சில் யூதப் படை அதிகாரி டிரேஃபஸ் மீது பொய்யாகத் தொடுக்கப்பட்ட வழக்கு இன்னும் கனன்றுகொண்டிருந்த அந்தக் காலத்தில், ஐரோப்பாவின் எந்த நாட்டில் யூதர்களுக்குப் பேராபத்து வரும் என்று கேட்டிருந்தால் ஜெர்மனியைச் சொல்லியிருப்பவர்கள் மிகச் சிலரே. பழைய வேர் இருந்தது. அதற்கு நீர் ஊற்றியது முதல் உலகப் போர். எனவே உங்கள் நேரத்தில் பாதியையாவது 1916 முதல் 1923 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு ஒதுக்குங்கள்.

1916 அக்டோபர் 11 அன்று பிரஷ்யப் போர் அமைச்சகம் படையில் இருந்த யூதர்களை மட்டும் தனியே கணக்கெடுக்க உத்தரவிட்டது. யூதர்கள் போர்முனைக்குப் போகாமல் ஒளிந்துகொள்கிறார்கள் என்ற புகார்தான் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஒரு படைவீரன் பதுங்குகுழியில் தோழர்களோடு நின்றுகொண்டிருக்கும்போது, அவனை மட்டும் பெயர் கேட்டுப் பட்டியலில் குறித்துக்கொள்ள வருகிறார்கள் என்பதை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். அந்த நொடியில் அவனைப் பற்றிய சந்தேகத்துக்கு அரசின் முத்திரை கிடைத்துவிடுகிறது. கணக்கெடுப்பின் முடிவை அமைச்சகம் வெளியிடவில்லை. வெளியிடாததையே ஆதாரமாக்கி வதந்தி மேலும் வளர்ந்தது. உண்மையில் சுமார் 1,00,000 யூதர்கள் ஜெர்மனிக்காகப் போரிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 12,000 பேர் உயிரிழந்தார்கள்.

அடுத்து, 1918 இலையுதிர்காலத்தை நாள்வாரியாக எழுதிப் பாருங்கள். இந்தப் பயிற்சியை எவருக்கும் நான் தவறாமல் பரிந்துரைப்பேன். செப்டம்பர் 29 அன்று, போர் இனி வெல்லப்படாது, போர்நிறுத்தம் கேட்டாக வேண்டும் என்று முடிவாகச் சொன்னவர் தளபதி லூடன்டார்ஃப். அக்டோபர் 19-20 நாள்களில் தீவிர தேசியவாத அமைப்பான அனைத்து ஜெர்மானியர் கழகத்தின் கூட்டத்தில், அதன் தலைவர் ஹைன்ரிஹ் கிளாஸ், எல்லா அநீதிகளுக்கும் யூதர்களை இடிதாங்கியாகப் பயன்படுத்த வேண்டும் என்று பேசினார். போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது நவம்பர் 11 அன்று. தோல்வி முறையாக அறிவிக்கப்படுவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பே, தோல்வியின் பழியைத் தாங்க வேண்டியவர்கள் யாரென்று தீர்மானிக்கப்பட்டுவிட்டது என்பது இந்த மூன்று நாள்களை அடுத்தடுத்து எழுதும்போதுதான் தெரியும். அந்தக் கழகத்தின் தூண்டுதலால் 1919இல் உருவான யூத எதிர்ப்பு அமைப்பு, 1922க்குள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைச் சேர்த்துவிட்டது.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் கத்தோலிக்கர். அவரையும் 1921இல் சுட்டுக் கொன்றார்கள். தோல்வியைக் கேட்டு வாங்கிய தளபதிகளோ கையெழுத்துப் போடவில்லை. 1919 நவம்பர் 18 அன்று நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் வந்த, போரில் தலைமைத் தளபதியாக இருந்த ஹிண்டன்பர்க், படை முதுகில் குத்தப்பட்டது என்று சாட்சி சொன்னார். இந்தக் கதை ஏன் எளிதில் நம்பப்பட்டது என்பதையும் நேர்மையாகக் குறிக்க வேண்டும். போர் முடிந்தபோது ஜெர்மன் படைகள் அயல்மண்ணில் நின்றுகொண்டிருந்தன. எதிரி பெர்லினை நெருங்கவே இல்லை. திரும்பி வந்த வீரர்களை 1918 டிசம்பரில் வரவேற்ற சமூக ஜனநாயகத் தலைவர் ஏபர்ட்டும் எந்த எதிரியும் உங்களை வெல்லவில்லை என்றே சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்ன அந்த வார்த்தை, அப்படியானால் உள்ளிருந்து யார் வீழ்த்தினார்கள் என்ற கேள்விக்கு வழி திறந்துவிட்டது.

பணவீக்கத்தின் பக்கத்தையும் இதே முறையில் நிரப்புங்கள். போர்ச்செலவை வரியால் ஈடுகட்டாமல் கடன் பத்திரங்களால் சமாளித்தார்கள்; 1923 ஜனவரியில் பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதியைக் கைப்பற்றியபின், வேலைநிறுத்தம் செய்தவர்களுக்குக் கூலி கொடுக்க மேலும் நோட்டு அச்சடித்தார்கள்; நவம்பரில் ஒரு டாலரின் விலை 4.2 லட்சம் கோடி மார்க். அரசின் உள்நாட்டுக் கடன் மதிப்பிழந்து கரைந்தது. ஹூகோ ஸ்டின்னெஸ் போன்ற பெருந்தொழிலதிபர்கள் கடன் வாங்கிச் சொத்துகளைக் குவித்தார்கள். அவர் யூதர் அல்லர். ஆனால் அடி விழுந்தது எங்கே? 1923 நவம்பர் 5 அன்று பெர்லினில் உதவித்தொகைக்காகக் காத்திருந்த வேலையற்றவர்களிடம் பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. கிழக்கிலிருந்து வந்த யூதர்கள் அதை வாங்கிப் பதுக்கிவிட்டார்கள் என்ற வதந்தி கிளம்பியவுடன், கூட்டம் ஷொய்னென்ஃபியர்டல் பகுதிக்குள் புகுந்து கடைகளைச் சூறையாடி, மக்களைத் தெருவில் இழுத்து அடித்தது. அங்கே வாழ்ந்தவர்களில் பலர் போலந்து, ரஷ்யப் பகுதிகளிலிருந்து தப்பி வந்த பரம ஏழைகள்.

யூதர்கள் உலகை ஆளச் சதி செய்வதாகச் சொல்லும் ‘சீயோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற போலி ஆவணம் 1903இல் ரஷ்யாவில் வெளிவந்து, 1920இல் ஜெர்மன் மொழியில் பரவியது. 1864இல் வேறொரு பொருளைப் பற்றி எழுதப்பட்ட பிரெஞ்சு நூலிலிருந்து அது திருடப்பட்டது என்பதை 1921 ஆகஸ்டில் லண்டன் ‘டைம்ஸ்’ வரிக்கு வரி ஒப்பிட்டுக் காட்டியது. அடுத்த ஆண்டு ஜூன் 24 அன்று யூதரான வெளியுறவு அமைச்சர் வால்டர் ராத்தெனாவ் பெர்லினில் காரில் செல்லும்போது கொல்லப்பட்டார். கொலையாளிகளில் ஒருவர், அவர் அந்த மூப்பர்களில் ஒருவர் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். 1914இல் ஜெர்மனியின் போர்த்தொழில்களுக்கு மூலப்பொருள் தட்டாமல் ஏற்பாடு செய்தவரே ராத்தெனாவ். ஸ்ட்ராஸ்பர்க் பக்கத்தில் அடிக்கோடிட்ட வரியை இங்கே மறுபடி எழுதுங்கள்.

அந்தக் காலத்துச் சுவரொட்டிகளைப் பார்க்கும்போது ஒன்றைத் தனியே கவனியுங்கள். ஒரே சுவரொட்டியில் யூதர் வங்கி முதலாளியாகவும் போல்ஷெவிக்காகவும், அதாவது ரஷ்யப் பொதுவுடைமைப் புரட்சியாளராகவும், வருவார். இந்த முரண்பாட்டை எடுத்துக்காட்டிவிட்டால் பொய் உடைந்துவிடும் என்று நினைப்பது இயல்பு; எனது கருத்தில் அந்த முரண்பாடுதான் அதன் வலிமை. கடையை இழந்த வணிகருக்கு ஒரு முகத்தையும், புரட்சிக்கு அஞ்சிய நிலவுடைமையாளருக்கு இன்னொரு முகத்தையும் காட்டி, இருவரையும் ஒரே கூட்டத்துக்கு அழைத்து வர அது உதவியது.

வாக்கு எண்ணிக்கையைப் படிக்கும்போது நிதானம் வேண்டும். நாஜிக் கட்சி 1928இல் பெற்றது 2.6 சதவீதம், 1930இல் 18.3, 1932 ஜூலையில் 37.3. இடையில் வந்தது பெரும் பொருளாதார மந்தம். 1932இன் தொடக்கத்தில் வேலையற்றோர் 60 லட்சம். வாக்களித்த எல்லோரும் யூத வெறுப்பால் வாக்களித்தார்கள் என்று சொல்ல முடியாது. வேலை, ஒழுங்கு, பொதுவுடைமை அச்சம் ஆகியவற்றுக்காகச் சென்றவர்கள் ஏராளம். ஆனால் யூதர் எவரும் குடிமகனாக முடியாது என்பது 1920 பிப்ரவரியிலேயே அச்சான கட்சித் திட்டத்தின் நான்காம் அம்சம். அதைத் தெரிந்தும் அது தங்களைத் தடுக்கவேண்டிய காரணமாக அவர்களுக்குத் தோன்றவில்லை. இந்த அலட்சியத்தை வெறுப்புக்கு இணையான எடையுடன் உங்கள் குறிப்பில் பதிவுசெய்யுங்கள்.

பழி சுமத்தப்பட்டவர்களின் குரலுக்கும் குறிப்பேட்டில் இடம் வேண்டும், இல்லையென்றால் அவர்கள் அடிவாங்கும் உருவங்களாக மட்டுமே நிற்பார்கள். 1893இல் தொடங்கப்பட்ட ஜெர்மன் யூதக் குடிமக்களின் மத்தியச் சங்கம் அவதூறு வழக்குகளை இடைவிடாமல் நடத்தியது. போர்முனை யூத வீரர்கள் 1919இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, அடுத்த ஆண்டு ஜெர்மன் தாய்மார்களுக்கு ஒரு துண்டறிக்கை வெளியிட்டார்கள். பன்னிரண்டாயிரம் யூதர்கள் தாய்நாட்டுக்காக மடிந்தார்கள் என்பதே அதன் செய்தி. கல்லறை ஒன்றின் முன் நிற்கும் தாயின் படமும் அதில் இருந்தது.

கடைசியாக 1916ஆம் ஆண்டின் பக்கத்தையும் 1933ஆம் ஆண்டின் பக்கத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். 1933 ஏப்ரல் 7 அன்று யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் வந்தபோது, போர்முனையில் நின்றவர்களுக்கும் 1914க்கு முன்பே பணியில் இருந்தவர்களுக்கும் அப்போது குடியரசுத் தலைவராக இருந்த ஹிண்டன்பர்க்கின் வேண்டுகோளின்படி விலக்கு அளிக்கப்பட்டது. அதே நாள்களில் வழக்கறிஞர்களுக்கு வந்த சட்டத்திலும் அந்த விலக்கு இருந்தது. போரில் ஒளிந்துகொண்ட கூட்டம் என்று பதினேழு ஆண்டுகளாகச் சொல்லிவந்ததால், விலக்குப் பெறுபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருப்பார்கள் என்று நாஜிகள் எதிர்பார்த்தார்கள். விண்ணப்பங்கள் வந்தபோது, யூத வழக்கறிஞர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் விலக்குக்குத் தகுதி பெற்றார்கள். அமைச்சகம் 1916இல் வெளியிடாத கணக்கு இப்போது ஆட்சியாளர்களின் மேசையில், அவர்களே கேட்டு வாங்கிய சான்றிதழ்களாகக் குவிந்து கிடந்தது. 1935இல், யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் சட்டங்களைத் தொடர்ந்து அரசு அலுவலர்களுக்கான அந்த விலக்கை நீக்கிவிட்டார்கள்.