ரிதம் கேம் இரண்டாம் பாகம் வாங்கலாமா? மலையில் இருப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

ரிதம் கேமுக்கு அடுத்த பாகம் வருகிறது என்று அறிவிப்பு வந்த அன்றைக்கே பணத்தைக் கட்டிவிட்டு, "அண்ணா, நல்லா இருக்குமா?" என்று அப்புறம் கேட்பவர்கள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் நிறையப் பேர். டவுன்லோடில் வாங்கும் கேம் தீர்ந்துபோகாது. முன்பதிவு செய்ய என்ன அவசரமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கார் ரேஸ் கேமிலோ துப்பாக்கி கேமிலோ அடுத்த பாகம் என்றால் புது ஊர், புதுக் கதை, மெருகேறிய காட்சி. ரிதம் கேமில் பெரும்பாலும் கதையே கிடையாது. திரையில் ஓடி வரும் குறிகளைத் தாளம் தப்பாமல் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. அதனால் பார்க்க வேண்டியதும் வேறு. என்னென்ன பாட்டு வருகிறது? முன்பு காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளும் கூடவே வருமா? குறிகளை அடிக்க வைத்திருக்கும் பொத்தான் வைத்த பொம்மைக் கிட்டாரோ மேளமோ, காலால் மிதித்து ஆடும் பாயோ வீட்டில் கிடந்தால் அது இதற்குச் சேருமா? இந்த மூன்றையும் விசாரிக்காமல் டிரெய்லரைப் பார்த்து வாங்குவதுதான் எல்லாவற்றுக்கும் தாய்த் தவறு.

பாட்டு எண்ணிக்கையில் மயங்குவது அடுத்தது. அட்டையில் எண்பது பாட்டு என்று போட்டிருக்கும். அதில் உங்களுக்குப் பிடித்தது எத்தனை, நீங்கள் ஆடும் கடினத்தில் ஆடத் தகுந்தது எத்தனை என்று உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். முதல் பாகத்தில் நடுத்தரக் கடினத்தைத் தாண்டாதவருக்கு அதே பழைய பட்டியலை ஒரு படி ஏற்றி ஆடினாலே பாதி புது கேம் கிடைத்த மாதிரி. உச்சக் கடினத்தில் ஆடுபவருக்கு எண்பதில் பதினைந்துதான் தேறும். இரண்டு பேருக்கும் விலை ஒன்றுதான். விமர்சனத்தில் வரும் மதிப்பெண் இதைச் சொல்லாது. உங்கள் கடினத்தில் யாராவது ஆடும் வீடியோவை முழுப் பாட்டாக மூன்று பாருங்கள், அது சொல்லும்.

நல்ல இரண்டாம் பாகம் எப்படி இருக்கும் என்பதற்கு இந்த வகையிலேயே பாடம் இருக்கிறது. கிட்டார் ஹீரோ 2005இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. மறு வருடமே வந்த இரண்டாம் பாகத்தில் பயிற்சி முறை ஒன்றைச் சேர்த்தார்கள். வராத இடத்தை மட்டும் தனியாக எடுத்து, வேகத்தைக் குறைத்துத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரம் (தந்தியை மீட்டுவதற்குப் பதில் தட்டும் பட்டை) தட்டாமல் விரலை மாற்றியே அடுத்த குறியைப் பிடிக்கும் வித்தை முதல் பாகத்தில் படுத்தி எடுக்கும். இரண்டாவதில் அதை இளக்கிவிட்டார்கள். இருவர் சேர்ந்து ஆளுக்கொரு பங்கை வாசிக்கவும் வழி வந்தது. இதற்குக் காசு கொடுக்கலாம். ஆனால் 2007இல் எண்பதுகளின் பாட்டுகள் என்று அதே தொடரில் இன்னொன்று வந்தது. ஆட்ட முறையில் சொல்லும்படி எதுவும் மாறவில்லை, பாட்டு மொத்தம் 30, விலையோ முழு விலை. அந்தக் காலத்துப் பாட்டின் மேல் உயிரையே வைத்திருந்தால் ஒழிய அது தேவையில்லாத செலவு. புதிதாக எது வந்தாலும் "இது முதல் வகையா, இரண்டாம் வகையா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

பழைய பாட்டு கூடவே வரும் என்று தானாக நம்புவது பெரிய தவறு. சில கம்பெனிகள் அதற்கு வழி வைத்திருந்தன. 2008இல் வந்த ராக் பேண்ட் 2இன் டிஸ்க்கில் 84 பாட்டு. அதோடு, சின்னக் கட்டணம் ஒன்றைக் கட்டினால் எக்ஸ்பாக்ஸ் 360இலும் பிளேஸ்டேஷன் 3இலும் முதல் பாகத்தின் பாட்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அப்போது உள்ளே கொண்டு வந்துவிட முடிந்தது. தனியாக வாங்கிய பாட்டுகளும் ஓடின. இப்படி ஒரு வசதி இருந்தால் இரண்டாம் பாகத்தின் மதிப்பு கூடிவிடும், ஏனென்றால் முதல் பாகத்தின் டிஸ்க்கை இனித் தொடவே வேண்டாம். வசதி இல்லையென்றால் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு ஆட வேண்டியதுதான். கடைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இருக்கும். அந்த வரி கண்ணில் படாவிட்டால், வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமானது, பாட்டெல்லாம் எங்கோ சர்வரில் இருக்கும் வகை. 2015இல் கிட்டார் ஹீரோ லைவ் வந்தபோது டிஸ்க்கில் இருந்தது 42 பாட்டு மட்டும். மற்ற நூற்றுக்கணக்கான பாட்டுகள் இணையத்தில் டிவி சேனல் மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். 2018 டிசம்பர் 1 அன்று அந்த சேவையை மூடினார்கள். 484 பாட்டு போய், கையில் மிஞ்சியது அந்த 42தான். ஜப்பானிய மேளம் அடிக்கும் டைகோ நோ தட்சுஜின் தொடரின் ரிதம் ஃபெஸ்டிவலில் கேமோடு வருவது 76 பாட்டு, பெரிய பட்டியல் வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். நடன கேமான ஜஸ்ட் டான்ஸில் 2023 பதிப்பிலிருந்து பெட்டிக்குள் டிஸ்க்கே கிடையாது, டவுன்லோடு செய்யக் குறியீடு அச்சிட்ட தாள்தான்.

நம் பக்கம் இது வெறும் கொள்கைப் பிரச்சினை இல்லை. ஊட்டி டவுனுக்குள் ஃபைபர் இருக்கிறது, சரி. எஸ்டேட் லைனிலும் ஊருக்கு ஒதுங்கிய ஹட்டி என்ற படகர் கிராமங்களிலும் போன் டேட்டாதான் கதி, அதுவும் மேகம் இறங்கி மழை பிடித்துவிட்டால் ஒரு கோடு இரண்டு கோடு. கரண்ட் போனால் ரூட்டரும் போகும். சந்தாவில் ஓடும் இரண்டாம் பாகத்தை எடுக்கும் முன், உங்கள் வீட்டில் ஜூலை மாதம் நெட் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். ஏப்ரல் சீசனில் இருக்கும் வேகத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நெட்டே இல்லாமல் எத்தனை பாட்டு ஓடும் என்பதுதான் மலைக்காரருக்கு உண்மையான பாட்டு எண்ணிக்கை.

அடுத்து கருவி. பலர் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். கேமை ஒரு சமயம் தள்ளுபடியில் வாங்கிவிடலாம். அதற்கான கிட்டார் இப்போது புதிதாக அதிகம் வருவதில்லை, பழையதற்கு விலை ஏறிக்கொண்டே போகிறது. பிளேஸ்டேஷன் 2 கிட்டாரை பிளேஸ்டேஷன் 3இல் நேரடியாகச் செருக முடியாது. பிளேஸ்டேஷன் 3இன் வயர்லெஸ் கிட்டாருக்கு அதனுடைய யுஎஸ்பி டாங்கிள் (கன்சோலில் செருகும் சின்ன ரிசீவர்) கட்டாயம்; டாங்கிளைத் தொலைத்தவர் விற்கும் கிட்டார் சுவரில் மாட்டத்தான் ஆகும். எக்ஸ்பாக்ஸ் 360இன் வயர்லெஸ் கிட்டாருக்கு அந்தக் கன்சோலில் டாங்கிள் வேண்டாம், கம்ப்யூட்டரில் ஆடுவதென்றால் தனியாக ரிசீவர் வாங்க வேண்டும். கிட்டார் ஹீரோ லைவ் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பொத்தான்களையே மாற்றிவிட்டது. முன்பிருந்த ஐந்து வண்ணப் பொத்தான்களுக்குப் பதில் மூன்று மூன்றாக இரண்டு வரிசை, ஆகவே பழைய கிட்டார் எதுவும் அதற்கு உதவாது.

கோவையிலோ பெங்களூரிலோ யாராவது பழையதை விற்கிறார் என்றால் போட்டோவை நம்ப வேண்டாம், வீடியோ கேளுங்கள். கழுத்தைக் கழற்றி மாட்டும் மாடல்களில் கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் சின்னச் சின்ன உலோகப் பட்டைகள் இருக்கும். ஈரக்காற்றில் அது கறுத்துவிட்டால் பச்சையும் சிவப்பும் ஒழுங்காக வேலை செய்யும், ஆரஞ்சு மட்டும் விட்டு விட்டுப் பிடிக்கும். ஆடுபவர் தன் சுண்டு விரலைத் திட்டிக்கொண்டிருப்பார். ஐந்து பொத்தானையும் ஒவ்வொன்றாக அழுத்தியபடி கழுத்தை லேசாக அசைக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரம் பட்டையை ஒரு முறை தட்டினால் ஒன்றுதான் பதிய வேண்டும், இரண்டு பதிந்தால் உள்ளே சுவிட்ச் தேய்ந்திருக்கிறது. பட்டை கறுத்தது மட்டும்தான் குறை என்றால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டுத் துடைத்தால் சரியாகிவிடும், அதற்காக விலையைக் குறைத்துக் கேட்கலாம். வாங்கி வந்த பிறகு, ஆடாத மாதங்களில் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இங்கே இருக்கும் ஈரத்தில் கசிந்த பேட்டரி ஸ்பிரிங்கையே தின்றுவிடும்.

பார்சலில் வருவதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு மறித்தால் பார்சல் மேட்டுப்பாளையத்திலேயே கிடக்கும், திருப்பி அனுப்பும் கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

நடனப் பாய் பற்றி ஒரே ஒரு வார்த்தை. சிவப்பு ஆக்சைடு தரையிலும் பழைய பங்களாக்களின் பலகைத் தரையிலும் மெல்லிய பாய் வழுக்கும், அதுவும் குளிருக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஆடினால் கேட்கவே வேண்டாம். (படகர்களின் ஹெத்தை பண்டிகையில் வட்டம் கட்டி ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தப் பாய் சீக்கிரம் வசப்படுகிறது என்பது என் எண்ணம். சண்டைக்கு வராதீர்கள்.)

"இரண்டாம் பாகம் மோசம், அடித்தாலும் விழ மாட்டேன் என்கிறது" என்ற புகாரை நிறையக் கேட்கிறேன். முக்கால்வாசி நேரம் குற்றம் கேமில் இல்லை, டிவியிலும் ப்ளூடூத்திலும் இருக்கிறது. கணக்கு எளிது. நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அரை நொடி, அதாவது 500 மில்லிநொடி. அதில் கால் பங்கு 125. சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் ஒலி 150, 200 மில்லிநொடி தாமதமாக வருவது சகஜம். ஆக, காதில் விழுந்த பிறகு அடித்தால் கால் அடிக்கும் மேலேயே பிந்திவிட்டீர்கள். டிவியும் படத்தை அழகுபடுத்துகிறேன் என்று தன் பங்குக்குத் தாமதப்படுத்தும். டிவியில் கேம் மோடு போடுங்கள், ஒயர் ஹெட்போனோ டிவி ஸ்பீக்கரோ வையுங்கள், அப்புறம் கேமுக்குள் இருக்கும் கேலிபரேஷனை, அதாவது தாமதத்தை அளந்து சரிசெய்யும் வேலையை, செய்யுங்கள். முதல் பாகத்தில் செய்து வைத்த அளவு இரண்டாம் பாகத்துக்குத் தானாக வந்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

கேலிபரேஷனும் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. பாட்டையும் படத்தையும் அது இணைத்து வைக்கும். ஆனால் டைகோ மாதிரி, நீங்கள் அடிக்கும்போது "டொம்" என்று மேளச் சத்தம் எழும் கேம்களில், அந்தச் சத்தம் ப்ளூடூத் வழியாகப் பிந்தித்தான் வரும். கை ஒரு இடம், சத்தம் ஒரு இடம். இதற்கு ஒயர்தான் மருந்து.

இதையெல்லாம் வாங்கிய முதல் நாளே செய்யாமல் விடுவதும் காசை விட்டுவிடும் வேலைதான். கம்ப்யூட்டர் கேம் கடையான ஸ்டீமில் வாங்கியிருந்தால் 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணி தாண்டாமல் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். மெனுவைத் திறந்து வைத்துவிட்டு டீ போடப் போனாலும் அந்த நேரம் கணக்கில் ஏறும். கால் மணி நேரம் அளவு சரிசெய்து, உங்கள் கடினத்தில் ஐந்தாறு பாட்டு ஆடி, அன்றைக்கே முடிவெடுங்கள். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே, கேமில் கோளாறு இருந்தால் தவிர, பணம் திரும்பாது. அங்கே வாங்கும் முன்பே யோசித்துக்கொள்ள வேண்டும். மார்கழிக் காலையில் விரல் விறைத்த நிலையில் ஆடிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம், கையைக் கொஞ்சம் சூடாக்கிக்கொள்ளுங்கள்.

இந்த வகை உங்களுக்கு ஒத்துவருமா என்றே தெரியாவிட்டால் இரண்டாம் பாகத்தில் தொடங்காதீர்கள். 2007இலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஓசு (osu!) என்ற ரிதம் கேம் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும், மௌஸும் கீபோர்டும் போதும்.

கடைசியாக, தள்ளுபடிக்குக் காத்திருப்பது நல்லதுதான், ஆனால் முடிவில்லாமல் காத்திருக்கக் கூடாது. இந்த கேம்களில் பாட்டுகள் கம்பெனிக்குச் சொந்தமில்லை, குத்தகைக்கு எடுத்தவை. கெடு முடிந்தால் கேமையே கடையிலிருந்து எடுத்துவிடுவார்கள். 2015 அக்டோபரில் வந்த ராக் பேண்ட் 4 பத்து வருடம் முடிந்ததும் 2025 அக்டோபரில் விற்பனையிலிருந்து போய்விட்டது. முன்பே வாங்கியவர்கள் ஆடுகிறார்கள், புதிதாக டவுன்லோடில் வாங்க வழியில்லை. பாட்டுப் பட்டியல் பிடித்து, பழைய பாட்டும் கூட வந்து, கிட்டாரும் சேருகிற இரண்டாம் பாகம் என்றால் முதல் பெரிய தள்ளுபடியிலேயே எடுத்துவிடுங்கள், நெட் நன்றாக இருக்கும் ராத்திரியில் டவுன்லோடு போட்டுவிட்டுத் தூங்குங்கள்.