படுத்துக் கொடுத்த ரத்தமும் நின்று கொடுத்த ரத்தமும்

தேவகோட்டைப் பக்கம் ஓர் ஆச்சி இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரமாகப் படுக்கை என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்து எடுத்த ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் 3.4. உடனே புரோட்டீன் பவுடர் டப்பா வந்து இறங்கும். நடமாடத் தொடங்கியபின் காரைக்குடி லேபில் வரிசையில் நின்று கொடுத்தால் 3.8. பவுடர் வேலை செய்துவிட்டது என்று வீடே நம்பும்.

அவசரப்படக் கூடாது. நிற்கும்போது ரத்தம் கால்பக்கம் இறங்கி, அங்கே நுண்குழாய்களில் அழுத்தம் கூடும். நீரும் சிறு உப்புகளும் திசுவுக்குள் கசியும். அல்புமின் போன்ற பெரிய புரதங்கள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். குழம்பு சுண்டினால் மசாலா தூக்கலாகத் தெரியுமே, அதுதான். அரை மணி நேரம் நின்றாலே சுமார் 10 சதவீதம் கூட்டிக் காட்டலாம். ஹீமோகுளோபினும் கொலஸ்ட்ராலும் இப்படியே ஏறும். சோடியம், பொட்டாசியம் அவ்வளவாக அசையாது.

விண்வெளி ஆய்வுச் செய்திகளைப் படிப்பவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். 2019-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தன்னார்வலர்களை 60 நாள், தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டிலில் படுக்க வைத்தார்கள். சாப்பாடு, குளியல் எல்லாம் படுத்தபடியே. எடையின்மையைத் தரையிலேயே உண்டாக்கிப் பார்க்கும் வழி இது. இப்படிக் கிடந்தால் நீர் மார்புக்கும் தலைக்கும் ஏறும். மிச்சம் என்று நினைத்து உடல் அதைச் சிறுநீராக வெளியேற்ற, ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா குறைந்துவிடும். பிறகு எழுப்பி நிறுத்தினால் பலருக்குத் தலை கிறுகிறுக்கும். அந்த நேரத்தில் ரத்தம் உறைவதற்கான புரதங்கள் கூடியிருந்தால், உடல் புதிதாகச் சுரந்தது என்று சொல்லிவிட முடியாது. பிளாஸ்மா எவ்வளவு சுருங்கியது என்று கணக்கிட்டுக் கழித்த பிறகும் மிஞ்சுவதுதான் நிஜமான கூடுதல். இந்தக் கழித்தலைச் சொல்லாத செய்தியை நான் பாதிதான் நம்புவேன்.

சரி, ஆச்சிக்கு வருவோம். ரத்தம் எடுக்க வந்தவர் காத்திருக்கிறாரே என்று வீட்டின் உள்பக்க இரண்டாங்கட்டிலிருந்து வாசல்பக்க முகப்பு வரை நடத்திக் கூட்டிவராதீர்கள். எழுந்ததும் கட்டிலோரம் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்சம் உட்காரட்டும். மயங்கி விழுந்தால் இன்னொரு எலும்பு போகும். ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுக்கி வைத்தாலும் புரதம் ஏறிக் காட்டும். அப்புறம், ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகே கொடுப்பது நல்லது. படுத்துத்தான் கொடுக்க முடியும் என்றால் அதைச் சீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். லேபில் மறந்துவிட்டால், ரிப்போர்ட்டின் ஓரத்தில் நீங்களே எழுதி டாக்டரிடம் காட்டலாம்.