எட்சிங்கில் முகம் வரைதல்: அழுத்தாமல் ஆழமாகும் கோடு

பென்சிலில் பழகிய கை, கருமை வேண்டிய இடத்தில் ஊசியையும் அழுத்தத் தொடங்கிவிடுகிறது. உலோகத் தகட்டில் கோடுகளைக் கரைசலால் அரித்து, மையிட்டு அச்செடுக்கும் எட்சிங்கில் அது பயனற்றது. ஊசி தகட்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சை நீக்கிச் செம்பை வெளிக்காட்டினால் போதும். கோடு எவ்வளவு ஆழமாக வேண்டும், எவ்வளவு கருமையாக அச்சாக வேண்டும் என்பதை அரிப்புக் கரைசலில் தகடு கிடக்கும் நேரமே தீர்மானிக்கிறது.

முதலில், உள்ளங்கை அளவுள்ள செப்புத் தகட்டின் விளிம்புகளை அரத்தால் சரிவாகத் தேய்த்து, எண்ணெய்ப்பசை போகச் சுண்ணாம்புத் தூளால் துடைத்து, பூச்சை மெல்லிதாகப் பரப்புங்கள். பின்புறத்தை ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள்.

அடுத்தது வரைதல். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630இல் தம் முகத்தையே வைத்துச் செய்த சிறு பொறிப்புகளைப் பாருங்கள். அவற்றுள் விழிகள் அகன்று, வாய் குவிந்து, திகைத்து நிற்கும் முகம் கொண்ட அச்சு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரமே உடையது. ஆயினும் முடியின் கோடுகள் கட்டின்றிச் சுழல, கன்னத்தின் கோடுகள் சதையின் வளைவைப் பின்பற்றிக் குறுகலாக ஓட, வெளிச்சம் விழும் நெற்றியில் தாள் பெரும்பாலும் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. ஆகவே தோலுக்கு ஒரு கோடு, முடிக்கு வேறு கோடு, துணிக்கு மற்றொன்று எனக் கையின் வேகத்தையே மாற்றுங்கள். எங்கும் ஒரே சீரான குறுக்குக்கோட்டு வலையை விரித்தால் முகம் மரப்பொம்மையாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணிமையின் நிழல், மூக்குத்துளை, உதடுகளுக்கு இடைப்பட்ட கோடு ஆகிய மிகக் கருமையானவற்றை மட்டும் முதலில் வரைந்து, தகட்டைச் செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடு கரைசலில் கவிழ்த்து வையுங்கள். கவிழ்த்தால்தான் படிவு கோட்டிலேயே தங்காமல் கீழே உதிரும். பிறகு கழுவி, உலர்த்தி, நடுத்தரக் கோடுகளைச் சேர்த்து மீண்டும் இடுங்கள்; கன்னத்தின் மெல்லிய கோடுகள் கடைசி முறைக்கு உரியவை. இவ்வாறு முதலில் வரைந்தவை மூன்று முறையும் அரிக்கப்பட்டு ஆழமாகின்றன. கரைசலின் வெப்பமும் பழமையும் வேகத்தை மாற்றுவதால், ஒரு துண்டுத் தகட்டில் முன்னதாகவே நேரத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

பூச்சை நீக்கி, மையைக் கோடுகளுக்குள் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளுடன் அச்சு உருளையில் செலுத்துங்கள். முகம் இடவலம் மாறி வரும். முதல் அச்சில் நிழல் வெளிறியிருந்தால், மீண்டும் பூச்சிட்டு, அந்தக் கோடுகளை மட்டும் திறந்து, இன்னொரு முறை அரிக்க விடுங்கள்.