ராத்திரி வடிச்ச சாதம் காலைல பத்திரமா இருக்கணும்னா: தெர்மாமீட்டர், தாம்பாளம், கடிகாரம்

வீட்டுல இருந்தபடியே ஆபீஸ் சாப்பாடு ஆர்டர் எடுக்கிறவங்க அடிக்கடி கேக்கிற கேள்வி, ராத்திரியே சாதம் வடிச்சு வச்சுட்டு காலைல லெமன், புளி, தேங்காய்னு கிளறிக் குடுக்கலாமா, கெட்டுப் போகாதா. குடுக்கலாம். ஆனா அந்த சாதத்த எப்படி ஆற வச்சீங்கங்கிறதுல தான் மொத்த விஷயமும் இருக்கு. நானும் இதே வேலைய தான் பண்றேன், எனக்கு செட் ஆன முறைய அப்படியே எழுதுறேன். எத்தனை விசில், எவ்வளவு தண்ணிங்கிறதெல்லாம் இதுல வராது, அது உங்களுக்கே தெரியும்.

முதல்ல கிருமி யாருன்னு பாத்துடுவோம். பேர் பேசிலஸ் சீரியஸ். மண்ணுல இருக்கிறது, நெல்லு வழியா அரிசிக்கு வந்துடும், நாலு தடவ கழுவுனாலும் முழுசா போகாது. இது விதை மாதிரி ஒரு கெட்டி ஓட்டுக்குள்ள போய் உக்காந்துக்கும் (ஸ்போர்னு சொல்வாங்க), சாதம் கொதிக்கிற சூட்டுல அந்த ஓடு சாகாது. கூட இருந்த மத்த கிருமியெல்லாம் செத்துடும், இது மட்டும் மிஞ்சும், சாதம் வெதுவெதுப்பா ஆனதும் போட்டிக்கு ஆளே இல்லாம வளர ஆரம்பிக்கும். குக்கர்ல வச்சா கொஞ்சம் குறையும், ஆனா அத நம்பி விட்டுட முடியாது.

வளரும்போது செரூலைட்னு ஒரு விஷத்த விடும். இது தான் பெரிய தலைவலி, ஏன்னா அது 121 டிகிரில ஒன்றரை மணி நேரம் வச்சாலும் அழியாது, நீங்க காலைல எவ்வளவு சூடு பண்ணி தாளிச்சாலும் கிருமி தான் சாகும், விஷம் அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணியில இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி. 1970கள்ல இங்கிலாந்துல சைனீஸ் ஹோட்டல் ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டு வரிசையா வாந்தி எடுத்தப்போ தான் இது பெருசா வெளிய தெரிஞ்சுது. வெந்த சாதத்த ஃப்ரிட்ஜ்ல வச்சா கட்டி ஆகும், உதிரி உதிரியா வராதுன்னு ராத்திரி பூரா வெளியவே வச்சிருந்தாங்க. நம்ம ஊரு ஃபாஸ்ட்ஃபுட் கடையிலயும் மத்தியானம் வடிச்ச சாதம் ராத்திரி வரைக்கும் பேசின்ல இருக்கிறத நீங்களே பாத்திருப்பீங்க.

மோந்து பாத்தா தெரியாதா? தெரியாது. ஊசிப் போன வாடை, நூல் விடுறது இதெல்லாம் வேற கிருமிங்க சேர்ந்து பண்ற வேலை, அது வந்தா கண்டிப்பா கொட்டிடணும், ஆனா வாடையே இல்லாத சாதத்துலயும் செரூலைட் இருக்கலாம். அதனால வீட்டுல நம்மளால அளக்க முடிஞ்சது ரெண்டே ரெண்டு, சூடும் நேரமும்.

ஸ்டெப் 1: தெர்மாமீட்டர்

ஊசி மாதிரி உள்ள குத்துற டிஜிட்டல் ப்ரோப் தெர்மாமீட்டர் வாங்குங்க, சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது, நுனி மெல்லிசா இருக்கிறதா பாத்து எடுங்க, சீக்கிரம் ரீடிங் வரும். காய்ச்சல் பாக்கிற துப்பாக்கி மாதிரி ஒண்ணு விக்கிறாங்களே, இன்ஃப்ராரெட், அத இதுக்கு வாங்காதீங்க. அது மேல் தோல மட்டும் தான் அளக்கும், சாதத்துக்குள்ள என்னன்னு அதுக்குத் தெரியாது, அதுவும் பளபளன்னு இருக்கிற எவர்சில்வர் பாத்திரத்துல காட்டுனா சம்பந்தமே இல்லாத நம்பர் சொல்லும்.

வாங்குனதும் ஐஸ் டெஸ்ட். டம்ளர் நிறைய ஐஸ நொறுக்கிப் போட்டு, இடுக்கு நிரம்புற அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்தி, நல்லா கலக்கி, நுனி டம்ளர்ல படாம நடுவுல பிடிங்க. 0 காட்டணும், ஒரு டிகிரி முன்ன பின்ன பரவால்ல. தண்ணி நிறைய ஊத்தி மேல ரெண்டு ஐஸ் கட்டி மிதக்க விட்டீங்கன்னா 3, 4னு காட்டும், உடனே மெஷின் டுபாக்கூர்னு திருப்பி அனுப்பிடாதீங்க. ஒவ்வொரு தடவ குத்துறதுக்கு முன்னாடியும் ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு காய விடணும், மறந்துட்டா நேத்து மீன் குழம்புல இருந்தத இன்னிக்கு சாதத்துல நட்டு வச்ச கதை தான்.

ஸ்டெப் 2: மூணு நம்பர்

60, 21, 5. இத ஃப்ரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டுங்க. 60க்கு மேல இருக்கிற வரைக்கும் கவலை இல்ல, ஹாட்பாக்ஸ்ல வச்சு பரிமாறலாம் (அப்பப்போ குத்திப் பாக்கணும், மூடி திறந்து மூடித் திறந்து அது சீக்கிரம் இறங்கிடும்). 60க்கு கீழ வந்ததுல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள 21க்கு வரணும், அங்கிருந்து அடுத்த நாலு மணி நேரத்துக்குள்ள 5க்கு வந்துடணும். முதல் ரெண்டு மணி நேரத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்னா கிருமி வேகமா பெருகுற வெதுவெதுப்பு எல்லாம் அந்த இடைவெளிக்குள்ள தான் வருது.

ஸ்டெப் 3: ஆற வைக்கிறது (இத மட்டும் ரெண்டு தடவ படிங்க)

எல்லாரும் நினைக்கிறது, ஃப்ரிட்ஜ்ல வச்சாச்சு, முடிஞ்சுது. ஒரு தடவ பெரிய குண்டான் நிறைய சாதத்த ராத்திரி அப்படியே ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்தத காலைல எடுத்து தெர்மாமீட்டர குத்திப் பாத்தேன். ஓரத்துல 13. ஊசிய நடுவுல கொண்டு போய் அடி வரைக்கும் இறக்குனா நம்பர் ஏறிக்கிட்டே போகுது, 19, 24, 28, கடைசில 31ல நின்னுச்சு. வெளிப் பாத்திரம் தொட்டா ஜில்லுனு இருக்கு, மேல் சாதமும் ஜில்லு, உள்ள மட்டும் ராத்திரி பூரா கிருமிக்கு பிடிச்ச சூடு. 28ல இருந்து 35 வரைக்கும் அதுக்கு ரொம்ப சவுகரியம். அந்த குண்டான் சாதம் முழுசும் கொட்டிட்டேன், வேற வழியே இல்ல.

காரணம் ரொம்ப சிம்பிள், சூடு சாதம் வழியா மெதுவா தான் வெளிய வரும், அதுல ஆழம் ரெண்டு மடங்கு ஆனா ஆறுற நேரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு ஆகும். 20 செ.மீ. குண்டான்ல இருக்கிற சாதத்த 5 செ.மீ. உயரத்துக்கு பரப்புனா பதினாறுல ஒரு பங்கு நேரம். ஃப்ரிட்ஜ் எந்த கம்பெனி, எத்தனை லிட்டர்ங்கிறதெல்லாம் அப்புறம், முதல்ல ஆழத்த குறைங்க.

நம்ம பாட்டிங்க கலந்த சாதத்துக்கு தாம்பாளத்துல கொட்டி, நல்லெண்ணெய் ரெண்டு கரண்டி விட்டு, விரிச்சு ஆற விடுவாங்கல்ல, கல்யாண சமையல்ல பாய் மேல வெள்ளத்துணி விரிச்சு சாதத்த பரப்புவாங்கல்ல, அதே தான். உதிரியா வரணும்னு பண்ணாங்க, அதுலயே இந்த வேலையும் நடந்துடுச்சு. நான் பண்றது: சாதத்த வடிச்ச உடனே அகலமான ரெண்டு மூணு தாம்பாளத்துல மூணு விரல் உயரத்துக்கு மேல போகாம பரப்பி, டேபிள் ஃபேன் போட்டு (இறக்கைய துடைச்சுட்டு போடுங்க, இல்லன்னா அந்த தூசி பூரா சாதத்து மேல தான்), மேல வலை மூடி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ சுத்தமான கரண்டியால புரட்டி விடணும், கையால வேண்டாம், கையில இருந்து வர்ற ஸ்டெஃபைலோகாக்கஸும் சூடுக்கு அடங்காத விஷம் விடுற ஜாதி தான்.

21க்கு இறங்குனதும் ஆழமில்லாத டப்பால போட்டு மூடிய லேசா திறந்தாப்ல ஃப்ரிட்ஜ்ல வைங்க, டப்பா மேல டப்பா அடுக்காம, நடுவுல காத்து போற மாதிரி. முழுசா ஜில்லானதும் மூடிய இறுக்கிடலாம். சென்னை மே மாசத்துல ரூமே 34 இருக்கும், ஃபேன் போட்டு 21க்கு வரவே வராது, அதனால 40 பக்கம் வந்ததும் மெல்லிசா பரப்புன அதே தட்டோட உள்ள வச்சுடுங்க, இல்லன்னா தட்டுக்கு அடியில ஐஸ் தண்ணி ட்ரே வைங்க. ஐஸ் தண்ணி வைக்கிறவங்களுக்கு அலுமினியத் தட்டு நல்லா வேலை செய்யும், எவர்சில்வர விட பதினஞ்சு மடங்கு கிட்ட சூட்ட கடத்தும், ஆனா அதுலயே எலுமிச்சை, புளி போட்டு கிளறிடாதீங்க, புளிப்பு அலுமினியத்த அரிக்கும்.

ஸ்டெப் 4: குருமா, சாம்பார், கறிக் குழம்பு

இங்க ஆளு வேற, க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ், பெரிய அண்டால மெதுவா ஆறுற கறிக் குழம்பு, பிரியாணி இதெல்லாம் அதுக்கு ரொம்ப பிடிக்கும். 43 டிகிரிக்கு மேல நல்ல தோதான இடத்துல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெண்டாகும், ஒண்ணே ஒண்ணு அந்த வேகத்துல போனா நாலு மணி நேரத்துல 1 கோடியே 67 லட்சம், கணக்கு போட்டுப் பாருங்க. குழம்ப சின்னச் சின்ன பாத்திரமா பிரிச்சு, சிங்க்ல ஐஸ் தண்ணி நிரப்பி அதுல உக்கார வச்சு கிளறுங்க. இன்னும் சீக்கிரம் ஆகணும்னா எவர்சில்வர் பாட்டில்ல ஐஸ் போட்டு இறுக்கி மூடி, வெளிய நல்லா கழுவிட்டு குழம்புக்குள்ளயே நிறுத்திடலாம். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்.

ஸ்டெப் 5: திரும்ப சூடு பண்றது

நடுவுல 74 வரணும், ஒரு தடவ தான், மிஞ்சுனா கொட்டிடணும். ஆத்துறதுல கோட்டை விட்டுட்டு இத நம்பாதீங்க, காரணம் மேலயே சொல்லிட்டேன்.

ஸ்டெப் 6: லேப்

பெருசா ஆர்டர் எடுக்கிறீங்கன்னா எப்பவாவது ஒரு தடவ என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்கிற தேசிய அமைப்பு) அங்கீகாரம் உள்ள லேப்ல குடுத்துப் பாருங்க. "மைக்ரோ டெஸ்ட் பண்ணுங்க"ன்னு மொட்டையா சொன்னா ஏதோ ஒண்ண பண்ணி பில்லு போட்டுடுவாங்க, பேர் சொல்லிக் கேளுங்க: பேசிலஸ் சீரியஸ் கவுன்ட், ஈ.கோலை, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். ஸ்டெரைல் பைய (கிருமி இல்லாத பை) அவங்ககிட்டயே வாங்கி, சாம்பிள அதுல போட்டு, ஐஸ் பாக்ஸ்ல வச்சு (ஃப்ரீசர்ல போட்டு உறைய வச்சிடாதீங்க) அன்னிக்கே குடுங்க. முக்கியமா சூடு பண்றதுக்கு முன்னாடி எடுத்த சாதமா இருக்கணும். சூடு பண்ணுனதுக்கு அப்புறம்னா கிருமி செத்து கவுன்ட் அழகா வரும், விஷம் உள்ளயே இருக்கும். ரிப்போர்ட்ல பேசிலஸ் சீரியஸ் ஒரு கிராமுக்கு ஒரு லட்சம் தாண்டுனா அந்த சாதம் ஆபத்து. குறைவா வந்தா சந்தோஷம், ஆனா அது அந்த ஒரு நாள் சாதத்துக்கு குடுத்த சர்டிபிகேட் தான். அதனால தான் நோட்டுல தினமும் நேரமும் டிகிரியும் எழுதுறேன், டப்பா மேல மாஸ்கிங் டேப் ஒட்டி தேதி, மணி.

அப்டேட்: ஊட்டில இருந்து ஒருத்தர், "அக்கா, ஐஸ் டெஸ்ட்ல கரெக்ட்டா வருது, கொதிக்கிற தண்ணில விட்டா 93 தான் காட்டுது"ன்னு எழுதியிருந்தாங்க. மெஷின் சரியா தான் இருக்கு. 2,240 மீட்டர் உயரத்துல தண்ணி அவ்வளவுல தான் கொதிக்கும். மலையில இருக்கிறவங்க ஐஸ் டெஸ்டயே நம்புங்க.

இன்னொரு அப்டேட்: "அப்போ பழைய சோறு?"ன்னு ஆளாளுக்கு சண்டைக்கு வந்துட்டீங்க. பழைய சோத்துல தண்ணி ஊத்தி வைக்கும்போது லாக்டிக் ஆசிட் கிருமிங்க வளர்ந்து புளிப்பாக்கிடும், நல்லா புளிச்ச இடத்துல பேசிலஸ் சீரியஸால வளர முடியாது. ஆனா சாதம் ஆறுனதும் உடனே தண்ணி ஊத்தணும். மத்தியான சாதம் சாயங்காலம் வரைக்கும் பாத்திரத்துல வெறுமனே கிடந்து, ராத்திரி படுக்கப் போறப்போ தண்ணி ஊத்துனா, அதுக்குள்ள விஷம் வந்திருந்தா புளிப்பு அத எடுக்காது.

இதே சிக்கல் தான் பயணத்துக்கு கட்டுற தயிர்சாதத்துலயும். புளிக்கக் கூடாதுன்னு சூடான சாதத்துல பால ஊத்தி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விடுவோம்ல, அது புளிக்கிற வரைக்கும் வெதுவெதுன்னு வெறும் பால்சாதம் தான். சாதம், பால் ரெண்டையும் ஆற வச்சு, தயிர தாராளமா விட்டு, ஐஸ் பேக்கோட கட்டுங்க. ஐஸ் பேக் இல்லன்னா நாலு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டு முடிச்சுடுங்க, மதுரை தாண்டி சாப்பிடலாம்னு வச்சிருக்காதீங்க.