மூலம், பௌத்திரம் அறுவைக்குப் பின் புண் ஆற: எச்.ஐ.வி. உள்ளவர்கள் கவனத்துக்கு

வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற மருந்துப் பையை முதலில் பிரித்துப் பாருங்கள். மலம் இளக ஒரு வெள்ளைக் கெட்டி சிரப், ரத்தம் போனதற்கு இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றெரிச்சலுக்கு ஒரு பாட்டில் என்று இருக்கும். ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை) மையத்தில் இப்போது பெரும்பாலோருக்குத் தருவது டி.எல்.டி. மாத்திரை; டெனோபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒரே மாத்திரை. அதிலுள்ள டொலுடெக்ராவிர் மெக்னீசியம், அலுமினியம், இரும்பு, கால்சியம் எதனோடு சேர்ந்தாலும் குடலிலேயே ஒட்டிக்கொள்ளும். ரத்தத்தில் போதுமான அளவு ஏறாது. பால் போன்ற அந்த மலமிளக்கிகள் பலவற்றில் இருப்பது மெக்னீசியம் ஹைட்ராக்சைடு. ஆகவே டி.எல்.டி.யைப் போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் இவற்றைச் சாப்பிட வேண்டும். இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டால் டி.எல்.டி. போட 6 மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு டி.எல்.டி.யோடு சேர்த்துப் போடலாம். மணி பார்க்க முடியாதவர்கள் மலமிளக்கிக்கு லாக்டுலோஸ் கேட்டு வாங்குவது நல்லது. அதனால் இந்தத் தொல்லை இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், புண்ணை ஆற்றுவது களிம்பு அல்ல. வைரஸ் கட்டுக்குள் இருந்து, சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கையும் 200-க்கு மேல் இருந்தால் உங்கள் புண் பெரும்பாலும் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே ஆறும். 200-க்குக் கீழே இறங்க இறங்கத் தாமதமாகும். அறுவையன்று காலையிலும் ஏ.ஆர்.டி.யை விடக் கூடாது. எப்போது, எப்படிப் போடுவது என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வாய்த் தண்ணீரோடு போடச் சொல்வது வழக்கம்.

பௌத்திரம் (ஆசனவாய்க்கு அருகே சீழ் வடியும் துளை), சீழ்க்கட்டிப் புண்களைத் தைக்காமல் திறந்துதான் விடுவார்கள். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடினால் உள்ளே மறுபடியும் சீழ் கட்டும். எனவே தினமும் செய்ய வேண்டியது இது: மலம் கழித்ததும் அகலமான பிளாஸ்டிக் டப்பில் கை பொறுக்கும் சூட்டில் நீர் விட்டு 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். நாளுக்கு மூன்று முறை போதும். டெட்டால் வேண்டாம், புது சதையை எரித்துவிடும். எழுந்ததும் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உள்ளே வைத்த காஸ் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். சலைன் (மருந்துக் கடை உப்புநீர்) விட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டால் தானே வரும். டாக்டர் லிக்னோகெயின் ஜெல் (மரத்துப்போகச் செய்வது) எழுதியிருந்தால் காஸ் மாற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்பு தடவுங்கள். புதுக் காஸைத் தளர்வாக, குழியின் ஓரம் ஒன்றோடொன்று ஒட்டாத அளவுக்கு வைத்தால் போதும். இறுக்கி அடைத்தால் நீர் வடியாது, வலியும் கூடும். சுற்றி வளரும் முடி புண்ணுக்குள் திரும்பி ஆறவிடாது. வாரம் ஒருமுறை வேறொருவரைக் கொண்டு கத்தரிக்கவும். ஷேவ் செய்ய வேண்டாம்.

திருப்பூர்ப் பக்கம் கைக்குக் கிடைப்பதென்று பனியன் வேஸ்ட்டை மடித்து வைப்பவர்கள் உண்டு. அதன் நூல்பிசிறு புண்ணுக்குள் ஒட்டி, அதைச் சுற்றிச் சதை தேவையில்லாமல் கிளம்பும். காஸ் ரோல்தான் வைக்க வேண்டும். ஈரோட்டு மஞ்சள் குழம்போடு நிற்கட்டும், புண்ணில் வேண்டாம்.

புண்ணைத் துடைத்துவிடும் வீட்டாருக்கு ஒரு வார்த்தை: வெட்டுக்காயம் இல்லாத கையில், கையுறையும் போட்டிருந்தால், பயப்பட ஒன்றுமில்லை. ரத்தம் பட்ட துணியைக் கழுவுமுன் 1 சதவீத ஹைப்போகுளோரைட் நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள்.

சாப்பாட்டில் கம்பங்கூழ், ராகிக்களி, கீரை கடைசல், பச்சைப்பயறு எல்லாம் ஆகும். கொள்ளு சூடு என்று பெரியவர்கள் ஒதுக்குவார்கள். அதில் நார்ச்சத்தும் புரதமும் இருக்கிறது, வாயு கட்டாதவர்கள் சாப்பிடலாம். இரவு இசப்கோல் ஒன்றிரண்டு டீஸ்பூனை முழு டம்ளர் நீரில் கலந்து உடனே குடியுங்கள். நீர் குறைந்தால் அதுவே மலத்தைக் கட்டும். டிராமடால் வலி மாத்திரையும் மலத்தை இறுக்கும். டைக்ளோபெனாக் வலி மாத்திரையை வாரக்கணக்கில் போட்டால், டி.எல்.டி.யிலுள்ள டெனோபோவிரோடு சேர்ந்து சிறுநீரகத்துக்குக் கேடு.

அறுவைக்குப் பின் 7 முதல் 10 நாளில் திடீரென ரத்தம் கட்டிகட்டியாக வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு தோல் கருத்துப் பரவினாலோ, சிறுநீர் அடைத்தாலோ அன்று இரவையே தாண்டவிடக் கூடாது. சிடி4 குறைந்தவர்களுக்கு வீக்கமோ சீழோ வெளியே தெரியாமல் வலி மட்டும் இருக்கும், அதையும் அலட்சியப்படுத்தாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ‘ஒரே ஊசியில் மூலம் குணம்’ நோட்டீஸ் பார்த்துப் போகாதீர்கள். உங்கள் நிலையை அறுவை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம். மருந்து மோதல் தெரிந்தால்தான் சரியாக எழுத முடியும். எச்.ஐ.வி. காரணமாகச் சிகிச்சை மறுப்பதும், அனுமதியின்றி வெளியே சொல்வதும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தடைசெய்யப்பட்டவை. 1097 இலவச எண்ணிலும் கேட்கலாம்.

எட்டு வாரம் கடந்தும் ஓரம் சுருங்காத புண்ணுக்குக் களிம்பை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காசநோய், ஹெர்பிஸ், ஆசனவாய்ப் புற்றுநோய் மூன்றும் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இப்படி ஒளிந்திருக்கலாம். காசநோய் என்று தெரிந்து ரிபாம்பிசின் ஆரம்பித்தால் டொலுடெக்ராவிர் ரத்தத்தில் குறைந்துவிடும்; டி.எல்.டி. போட்ட 12 மணி நேரம் கழித்து 50 மில்லிகிராம் டொலுடெக்ராவிர் தனி மாத்திரை ஒன்றும் சேர்க்க வேண்டும். அதை ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.