விண்டோஸ் 10-ஐ விட்டு மாறும்போது வீடுகளில் நடக்கும் தவறுகள்

என் பெரியப்பா ஓய்வு பெற்ற தமிழாசிரியர். ஊர்க் கோயில் வரலாறு, நடவுப் பாட்டு, ஒப்பாரி, எங்கள் குடும்பத்தின் கொடிவழி என்று பதினைந்து ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து மடிக்கணினியில் சேர்த்து வைத்திருந்தார். எல்லாம் பாமினி எழுத்துருவில். கணினி ரொம்பவும் திணற ஆரம்பித்ததால், கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, பழையதை அழித்துவிட்டுப் புது விண்டோஸ் போட்டோம். ஒரு கோப்புகூடத் தொலையவில்லை. ஆனால் திறந்து பார்த்தால் தமிழே இல்லை. 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, இன்னொரு கே, எச். பக்கம் பக்கமாக இப்படியே. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

நடந்தது இதுதான். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் உண்மையில் பதிவாவது ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தை வரைந்து காட்டுவது எழுத்துருக் கோப்பு. அந்தக் கோப்பு இருந்தது பழைய விண்டோஸுக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரில். அதை எடுத்து வைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. நண்பர் ஒருவர் அதே எழுத்துருவைக் கொண்டு வந்து போட்டதும் தமிழ் திரும்பி வந்தது. அந்த ஒன்றரை நாள் பெரியப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

விண்டோஸ் போடுவது இன்று பெரிய வித்தை அல்ல. திரையில் வருவதைப் படித்து அழுத்தத் தெரிந்தால் போதும், ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பாடுபடுத்துவதெல்லாம் அதற்கு முதல் நாள் நாம் பார்க்காமல் விட்டவைதான். கணினி கெட்டால் வேறு வாங்கலாம். அதற்குள் இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஓடுகிற வரை ஓடட்டும் என்று விடுவது

2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. கணினி வழக்கம்போல ஓடும். அதனாலேயே பலரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் இணைப்புகள் தானாக வராது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் வரை முடக்கியது. அது நுழைந்த ஓட்டைக்கான இணைப்பு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்ட கணினிகள்தான் பெரும்பாலும் மாட்டின. வங்கிக் கணக்கும் ஆதார் நகலும் பிள்ளைகளின் சான்றிதழும் ஒரே மடிக்கணினியில் இருக்கிற வீட்டில் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

உடனே மாற வசதி இல்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு இணைப்புகளை மைக்ரோசாப்ட் ஏற்பாடு செய்திருக்கிறது. கணினி விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-இல் இருக்க வேண்டும். மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைத்தால் காசு கேட்பதில்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதில் சேருவதற்கான சுட்டி இருக்கும். மூச்சு வாங்கக் கிடைத்த நேரம் என்று இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

'ஐ5 தானே, தாங்கும்' என்று நம்புவது

அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 பார்ப்பது பிராசசரின் ஐ3, ஐ5 என்ற பெயரை அல்ல, அதன் தலைமுறையை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும். ஐ5-7200யூ என்று இருந்தால் அது ஏழாம் தலைமுறை, பட்டியலில் இல்லை. ஐ5-8250யூ என்றால் எட்டு, தேறிவிடும். இதோடு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், கணினி தொடங்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவையும் வேண்டும். மைக்ரோசாப்டின் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் எது இருக்கிறது, எது இல்லை என்று சொல்லிவிடும்.

டிபிஎம் இல்லை என்று வந்தால் உடனே மனம் தளர வேண்டாம். பல மடிக்கணினிகளில் அது இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். கணினியை இயக்கியதும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய பயாஸ் என்ற அமைப்புத் திரையில் இன்டெலுக்குப் பிடிடி, ஏஎம்டிக்கு எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடினால் கிடைக்கும். ஆனால் பயாஸுக்குள் போன கையோடு கணினி தொடங்கும் முறை லெகசி என்று இருப்பதை யூஈஎஃப்ஐ என்று மாற்றிவிடாதீர்கள். வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் அந்த நிமிடமே விண்டோஸ் கிளம்பாது. முதலில் வட்டை ஜிபிடி முறைக்கு மாற்ற வேண்டும். அதற்கான கருவி விண்டோஸிலேயே இருக்கிறது.

தகுதி இல்லாத கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றும் காணொளிகள் ஏராளம். ஏறத்தான் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு இணைப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாப்ட் உறுதி தருவதில்லை. பாதுகாப்புக்காகத்தானே மாறுகிறோம்? அந்த உறுதியே இல்லாத ஒன்றுக்கு வீட்டுக் கணினியை மாற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை இன்னும் பல வீடுகளில் பரணில் இருக்கின்றன. அந்த வயதுக் கணினிகளுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் நல்ல வழி. பென்டிரைவில் இருந்தபடியே ஓட்டிப் பார்த்து, வைஃபை வருகிறதா, ஒலி வருகிறதா என்று சோதித்த பிறகு நிறுவலாம். படிப்பு, இணையம், கடிதம் தட்டுவது எல்லாவற்றுக்கும் போதும். டேலியில் கணக்கு எழுதுகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலேயே புது விண்டோஸைப் போட்டுவிட்டு, முன்பைவிட மெதுவாகிவிட்டது என்று வருந்துகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அதை எடுத்துவிட்டு ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி போட்டால் அதே கணினி வேறு கணினி ஆகிவிடும். பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே உறையில் போட்டு வைத்தால் அதுவே ஒரு காப்பு நகல்.

டி டிரைவில் வைத்தால் பத்திரம் என்பது

மிக அதிகமாகக் கேட்கும் பேச்சு இது. சி டிரைவும் டி டிரைவும் ஒரே வட்டை இரண்டாகப் பிரித்த அறைகள். நிறுவும்போது தவறான அறையைத் தேர்ந்தெடுத்து டெலீட் அழுத்தினால் டி போய்விடும். வட்டே பழுதானால் இரண்டும் போய்விடும். கணினிக்கு வெளியே ஒரு நகல் இருந்தால்தான் அது காப்பு.

எடுக்கும்போது டாக்குமென்ட்ஸை மட்டும் எடுத்துவிட்டு டெஸ்க்டாப்பையும் டவுன்லோட்ஸையும் மறப்பது வழக்கம். நம் வீடுகளில் முக்கியமான தாள்கள் எல்லாம் அந்த இரண்டில்தான் கிடக்கும். டேலி வைத்திருந்தால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் தரவு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியும், அதை முழுதாக எடுங்கள். உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் பாருங்கள். ஒன்டிரைவில் இருக்கிறதே என்று நினைத்தால், கோப்பின் பக்கத்தில் மேகக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். அது இணையத்தில் மட்டும் இருக்கும் கோப்பு. எந்தக் கணக்கில் இருக்கிறது, அதன் கடவுச்சொல் தெரியுமா என்பதை இப்போதே சோதித்துவிட வேண்டும்.

பழைய தமிழ்க் கோப்புகள் இருந்தால் ஒவ்வொரு வகையிலும் ஒன்றைத் திறந்து, வேர்டில் எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயருள்ள கோப்புகளை ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து எடுத்து வையுங்கள். நேரம் கிடைக்கும்போது, தமிழைத் தமிழாகவே பதியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது இன்னும் நல்லது. அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

அப்புறம், நகல் எடுத்த பென்டிரைவிலேயே விண்டோஸ் நிறுவியைத் தயாரிக்காதீர்கள். நிறுவியைத் தயாரிக்கும் கருவி பென்டிரைவை முழுக்க அழித்துவிட்டுத்தான் தொடங்கும். இரண்டு பென்டிரைவ் வேண்டும். நிறுவிக்கு 8 ஜிபி போதும்.

48 இலக்கம்

பக்கத்து வீட்டு அக்காவின் மடிக்கணினி அவ்வளவு பழையதல்ல. அவர் மகன் பயாஸில் ஏதோ ஓர் அமைப்பை மாற்றிவிட்டுத் திரும்ப இயக்கினான். நீலத் திரை வந்தது, 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் என்ற பெயரையே அந்த வீட்டில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இன்றைய பல மடிக்கணினிகளில் மைக்ரோசாப்ட் கணக்கில் முதல்முறை நுழையும்போதே வட்டு தானாகப் பூட்டப்பட்டுவிடும். பயாஸையோ டிபிஎம்மையோ தொட்டால், திறப்பது நாம்தானா என்று அது சந்தேகப்படும்.

எண் அந்த மைக்ரோசாப்ட் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் எந்தக் கணக்கு? அக்காவின் கணக்கில் இல்லை. மகனின் கணக்கிலும் இல்லை. கணினி வாங்கிய அன்று கடையில் வைத்து அவர் கணவரின் பழைய மின்னஞ்சலில் பதிந்திருக்கிறார்கள். அந்த மின்னஞ்சலுக்கான கைபேசி எண் நல்லவேளை இன்னும் உயிரோடு இருந்தது. ஓடிபி வந்தது. அக்கா ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாக வாசிக்க, மகன் தட்டினான். அந்த மீட்பு எண் இல்லாமல் யாராலும் அந்த வட்டைத் திறக்க முடியாது, மைக்ரோசாப்டாலும் முடியாது.

அதனால் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்று தேடிப் பாருங்கள். ஆன் என்று இருந்தால் மீட்பு எண்ணை எடுத்து ஒரு தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். அதன் பிறகு பயாஸைத் தொடலாம்.

கடைசி நிமிடத்தில் வந்து நிற்பவை

விண்டோஸ் 11-இல் 32 பிட் வகையே கிடையாது. இப்போது இருப்பது 32 பிட் என்றால் மேலேற்ற முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். பழைய பிரின்டருக்கும் டிஜிட்டல் கையொப்பத்துக்கான டிஎஸ்சி டோக்கனுக்கும் அவற்றை இயக்கும் மென்பொருளான டிரைவர் 64 பிட்டில் கிடைக்கிறதா என்று முன்னாலேயே தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். ஜிஎஸ்டி தாக்கலுக்குக் கடைசி நாளன்று டோக்கன் வேலை செய்யாமல் நிற்கும் நிலை யாருக்கும் வர வேண்டாம்.

புதிதாக நிறுவும்போது வைஃபை டிரைவர் இல்லாமல் இணையம் கேட்டுத் திரை நின்றுவிடுவது உண்டு. கைபேசியைக் கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும். கைபேசியில் நாளுக்கு 2 ஜிபி திட்டம் என்றால், 5 ஜிபிக்கு மேல் இருக்கும் நிறுவியை அதில் இறக்கத் தொடங்க வேண்டாம். பிராட்பேண்ட் இருக்கும் வீட்டில் இறக்கிக்கொள்ளுங்கள். இறக்குவது மைக்ரோசாப்டின் தளத்திலிருந்து மட்டும். 'ஆக்டிவேட் செய்து தருகிறேன்' என்று வரும் சிறு மென்பொருள் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அதை அணைத்துவிட்டு முன்பின் தெரியாத நிரலை ஓட்டுவது, வீட்டுச் சாவியை வழிப்போக்கரிடம் கொடுப்பதற்குச் சமம். முறையான உரிமம் உள்ள விண்டோஸ் 10 இருந்தால், தகுதியான கணினியில் 11 இலவசம்.

மின்தடை அறிவித்த நாளில் தொடங்காதீர்கள். பழைய மடிக்கணினிகளில் பேட்டரி பத்து நிமிடம் தாங்குவதே பெரிது. இன்வெர்ட்டர் இருக்கும் அறையில், சார்ஜரைச் செருகியபடி செய்யுங்கள்.

பழையதன் மேலேயே ஏற்றியிருந்தால், விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் முந்தைய விண்டோஸ் அப்படியே இருக்கும். 10 நாளுக்குள் செட்டிங்ஸில் ரிக்கவரிக்குப் போய்த் திரும்பிக்கொள்ளலாம். இடத்தை அடைக்கிறதே என்று முதல் நாளே அதை அழித்துவிடாதீர்கள். அந்தப் பத்து நாளுக்குள் பிரின்டரில் ஒரு பக்கம் எடுங்கள், வீடியோ அழைப்பில் பேசிப் பாருங்கள், வங்கித் தளத்தில் நுழையுங்கள், டேலியைத் திறங்கள், பழைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து அதில் 'அம்மா' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.