வேரியோ கத்தியது, உயரம் ஏறவில்லை: பறப்புப் பதிவைப் படிக்கலாம் வாங்க

ஜுக்ரா மலையில் பறந்துவிட்டுக் கோலாலம்பூர் திரும்பும் வழியில், புதிதாகப் பழகும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, வேரியோ 2.5 வரைக்கும் காட்டுச்சு. ஆனா அவ்வளவா மேல போகலையே, ஏன்?" வேரியோ என்பது நாம் ஏறும், இறங்கும் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்று ஒலி எழுப்பிக் காட்டும் கருவி. பதில் அவர் கைப்பேசியிலேயே இருந்தது. அதை எடுத்துப் பார்ப்பது எப்படி என்று இங்கே சொல்கிறேன். நான் சொல்லும் உதாரணம் பாராகிளைடர். பெரிய கிளைடருக்கும் கோப்பு இதேதான்.

முதலில் கோப்பு. எக்ஸ்சிடிராக், எக்ஸ்சிசோர் மாதிரியான செயலிகள் ஒவ்வொரு பறப்பையும் ஐஜிசி கோப்பாகச் சேமிக்கும். சர்வதேச கிளைடிங் ஆணையம் வகுத்த வடிவம் என்பதால் அந்தப் பெயர். கணினிக்கு அனுப்பியதும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

நகலை நோட்பேடில் திறங்கள். எல்லாம் சாதாரண எழுத்துதான். 'பி'யில் தொடங்கும் வரிகளில்தான் பறப்பு இருக்கிறது. தம்பியின் வரி ஒன்று 041235 என்று ஆரம்பித்தது. விடியற்காலை நாலு மணிக்கா பறந்தோம் என்று முழித்தார். அது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். 8 மணி கூட்டினால் நம்மூர்ப் பகல் 12:12. அடுத்த 0250100, வடக்கே 2 பாகை 50.100 நிமிடம். பிறகு தீர்க்கரேகை. அதன் பின் வரும் இரண்டு ஐந்திலக்க எண்களில் முதலாவது காற்றழுத்த உயரம், இரண்டாவது ஜிபிஎஸ் உயரம். இரண்டும் ஒத்துப்போகாது. காற்றழுத்த உயரம் 1013.25 ஹெக்டோபாஸ்கலைப் பூஜ்யமாக வைத்துக் கணக்கிடப்படுவது. அன்றைக்குக் கடல்மட்ட அழுத்தம் 1010 என்றால், கடற்கரையில் சும்மா நிற்கும்போதே 27 மீட்டர் பக்கம் காட்டும். கருவி கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

கோப்பின் கடைசியில் 'ஜி'யில் தொடங்கும் வரிகள் இருந்தால், அவைதான் முத்திரை. மேலே ஓர் எழுத்தை மாற்றிச் சேமித்தாலும் சரிபார்ப்பில் தோற்றுவிடும். தரையில் நின்ற நேரத்தை வெட்டுகிறேன் பேர்வழி என்று என் நல்ல பறப்பு ஒன்றை நானே பாழாக்கியிருக்கிறேன். நகல் எடுக்கச் சொன்னது அதனால்தான்.

இனி மென்பொருள். எக்ஸ்சிசோர் இலவசம், விண்டோசிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும். கோப்பை அதன் டேட்டா கோப்புறையில் போட்டு, திறக்கும்போது சிமுலேட்டரைத் தேர்ந்தெடுங்கள். மெனுவில் ரீப்ளே போய்க் கோப்பைக் காட்டி, வேகத்தைக் கூட்டி ஓடவிடுங்கள். பிறகு அனாலிசிஸ் பக்கத்தில் உயர வரைபடம் கிடைக்கும்.

புதியவர்கள் உடனே உச்சி உயரத்தைத் தேடுவார்கள். அதை விடுங்கள். தெர்மலில், அதாவது சூடாகி மேலெழும் காற்றில், நுழைந்த நொடியையும் வெளியேறிய நொடியையும் பிடியுங்கள். தம்பி 6 நிமிடத்தில் ஏறியது 214 மீட்டர். சராசரி நொடிக்கு 0.6 மீட்டர்தான். வேரியோவின் 2.5 எங்கே போனது?

ஒரே ஒரு வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். சுற்றி வர 18 நொடி. அதில் 7 நொடி, நொடிக்குச் சராசரி 2 மீட்டர் ஏற்றம். மிச்ச 11 நொடியும் நொடிக்கு 0.3 மீட்டர் இறக்கம். இறங்கியதெல்லாம் கிழக்குப் பக்கம், செம்பனைத் தோட்டத்தின் மேலே. கடற்காற்று மேற்கிலிருந்து வீசியதால் தெர்மல் உள்நாட்டுப் பக்கம் சாய்ந்து ஏறியது. காற்று ஏறும் வேகத்துக்கு நம் இறக்கை ஏறாது. அதனால் சுற்றச் சுற்றக் காற்றோடு அடித்துப்போய், தெர்மலின் பின்பக்கமாக விழுந்துகொண்டே இருந்திருக்கிறார். கடலைப் பார்த்துத் திரும்பும்போது ஓரிரு நொடி நேராகப் போய்விட்டு வட்டத்தைத் தொடர்ந்திருந்தால் மையத்தில் நின்றிருப்பார்.

இதெல்லாம் தெரிந்தது, நொடிக்கொரு புள்ளி பதிவானதால். 10 நொடிக்கு ஒன்று என்று வைத்திருந்தால் வட்டமே இருக்காது, கோணல்மாணலான கோடுதான் மிஞ்சும். பறக்கும் முன் செயலியின் அமைப்பில் இதைப் பார்த்துவிடுங்கள்.

மறு வாரம் தம்பி அனுப்பிய கோப்பில் தெர்மல் ஒன்றுதான். சராசரி 1.1.